"செற் எண்டா என்ன?": வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓ.எல். எடுக்கும் பிள்ளைகள், லண்டனுக்குப் போக ஐ.ஈ.எல்.ரி.எஸ். படிக்கும் அக்காமார், நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் என்று எல்லா வயதிலும் ஆட்கள் வருகிறார்கள். யார் வந்தாலும் மூன்றாம் கிழமைக்குள் 'செற்' (set) என்ற சொல்லில் வந்து முட்டுவார்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகும். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பேசி அனுப்பித் தொண்டை கட்டிப்போய்விட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ரீச்சர், செற் எண்டா என்ன எண்டு ஒரே சொல்லில சொல்லுங்கோவன்?

ஒரே சொல்தான் வேண்டும் என்றால், 'இருத்து'. 'வை' என்றும் சொல்லலாம், ஆனால் விஷயம் இருத்துவதில்தான் இருக்கிறது. 'சிற்' என்றால் இரு, 'செற்' என்றால் இருக்கச் செய். நமக்கு இரு - இருத்து, கிட - கிடத்து, நட - நடத்து என்று சோடி சோடியாக இருப்பதுபோலப் பழைய ஆங்கிலத்திலும் 'சிற்றன் - செற்றன்' என்று ஒரு சோடி இருந்தது, அதன் மிச்சம்தான் இது. பிள்ளையை மடியில் இருத்துகிறோம், மாப்பிள்ளையை மணவறையில் இருத்துகிறோம் அல்லவா, அதே இருத்துதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி அகராதி அவிழ்ந்துவிடும். அலாரம் செற் பண்ணுவது என்றால் என்ன? அந்தக் காலத்து மணிக்கூட்டில் பின்பக்கத் திருகியைத் திருகிச் சின்ன முள்ளைக் கொண்டுபோய் ஐந்தில் இருத்துவோமே, அதுதான். நாள் செற் பண்ணுவது ஒரு காரியத்தைக் கலண்டரில் ஒரு கட்டத்துக்குள் இருத்துவது. விலையும் அப்படித்தான். முறிந்த எலும்பை செற் பண்ணுவது, பரியாரி கையைப் பிடித்து இழுத்து (ஐயோ என்று கத்தக் கத்த) அதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் இருத்துவது. மேசை செற் பண்ணுவதும் கோப்பை கரண்டியை அதது இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதுதான்.

அப்ப ஒரு செற் கரண்டி, ஒரு செற் பெடியள் எண்டுறது? அதில என்னத்தை இருத்துறது?

நல்ல கேள்வி. ஒன்றையும் இருத்தவில்லை, ஏனென்றால் அது அடியில் வேறு சொல். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செற், இலத்தீனின் 'செக்ரா' பழைய பிரெஞ்சில் 'செற்' ஆகி அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அந்த இலத்தீன் சொல்லின் வேரில் இருப்பது பின்தொடர்தல். ஒரு வழியைப் பின்தொடர்கிறவர்கள் ஒரு கூட்டம். மதப்பிரிவைக் குறிக்கும் 'செக்ற்' என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஆக, சந்தியில் மதிலில் ஏறி இருக்கும் 'ஒரு செற் பெடியள்' என்பது சரித்திரப்படி மிகச் சரியான பாவனை.

இந்த இரண்டும் ஒரே மாதிரி ஒலித்ததால் காலப்போக்கில் கலந்துபோய்விட்டன. கரண்டிகளை ஒரு பெட்டிக்குள் வரிசையாக இருத்தி வைத்தால் அதுவும் ஒரு தொகுதிதானே, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாத இடங்களும் உண்டு. றேடியோ செற், ரி.வி. செற் என்பதெல்லாம் தொகுதிப் பக்கம்: பல பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒன்று. எனவே ஒரு புது வசனத்தில் செற்றைக் கண்டால் முதலில் கேளுங்கள்: இருத்துகிறதா, சேர்ந்திருக்கிறதா?

'செட்' எண்டு எழுதுறதோ 'செற்' எண்டு எழுதுறதோ? எங்கட பெரியப்பா ஒரு மாதிரி எழுதுறார், பேஸ்புக்கில வேற மாதிரி கிடக்கு.

பெரியப்பா எழுதுவது யாழ்ப்பாண வழக்கம். 'வெற்றி' என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் முரசில் (ஈறில்) படும். 'வெட்டி' என்றால் நாக்கு மடிந்து மேலே போகும். ஆங்கிலத்து 'ரீ' (T) எழுத்து ஒலிக்கிற இடம் முதலாவதற்குத்தான் கிட்ட. அதனால்தான் நம் பழைய ஆட்கள் மாக்கற், ரிக்கற், சிகரெற், பெற்றோல் என்று எழுதினார்கள், சொல்லின் முதலில் வந்தால் ரி.வி., ரியூசன். தமிழ்நாட்டில் ட் போடுகிறார்கள், அது அவர்கள் வழக்கம். 'ற் இல் தமிழ்ச் சொல் முடியாதே' என்று இலக்கணம் சொல்லி வருகிறவர்களுக்கு: ட் இலும் முடியாது.

நான் 'அவுட்', 'ஒக்ஸ்போர்ட்' என்று ட் போட்டும் எழுதுவேன். அதில் ஒரு ஒழுங்கும் இல்லை, கை போகிற போக்குத்தான். ஆனால் செற்றில் மட்டும் கவனமாக இருப்பேன், காரணம் அடுத்த கேள்வி.

பெற்றோல் செட் எண்டுறமே, அதுவும் இந்த செற் தானோ?

இல்லவே இல்லை! அது 'ஷெட்', கொட்டில். இலங்கையில் எரிபொருள் நிரப்பு நிலையத்தை ஷெட் என்றுதான் சொல்லிப் பழகிவிட்டோம். நம் வாயில் ஷ, ச ஆகிவிட்டது, அதனால் 'செட்டுக்குப் போட்டு வாறன்' என்கிறோம். மேலே சொன்னபடி ஒன்றை ற் போட்டும் மற்றதை ட் போட்டும் எழுதினால் இந்தக் குழப்பமே வராது. லண்டனில் போய் 'பெற்றோல் ஷெட்' எங்கே என்று கேட்டீர்கள் என்றால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள், அங்கே அது பெற்றோல் ஸ்ரேஷன்.

'செற்றட்' எண்டு எழுதினதுக்கு ஏன் ரீச்சர் பிழை போட்டனீங்கள்?

செற்றுக்கு மூன்று காலத்திலும் ஒரே உருவம். கட், புட், ஹிற், ஷட், லெற் எல்லாம் அந்தக் கூட்டம். பிறகு எப்படிக் காலம் கண்டுபிடிப்பது? படர்க்கை ஒருமையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. 'ஷி செற்ஸ் த அலாரம்' என்றால் வழக்கமாக வைக்கிறவள். கடைசி ஸ் இல்லாமல் 'ஷி செற் த அலாரம்' என்றால் வைத்துவிட்டாள், முடிந்த கதை. அந்த ஸ் காதில் விழாமல் கேட்டல் பரீட்சையில் புள்ளி விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பிழையும் அடிக்கடி பார்க்கிறேன்: கதிரையில் இருந்தேன் என்பதற்கு 'ஐ செற் ஒன் த செயார்'. இருந்தது நீங்கள் என்றால் 'சற்'. கொப்பியைக் கதிரையில் வைத்தீர்கள் என்றால்தான் செற். முதல் கேள்வியில் சொன்ன இரு - இருத்து வித்தியாசம் இங்கேதான் உதவும்.

சூரியனும் செற் ஆகுதாம், ஜெலியும் செற் ஆகுதாம், சீமெந்தும் செற் ஆகுதாம். ஆர் எதை இருத்துறது?

இங்கே யாரும் இருத்தவில்லை, தானே போய் இருக்கிறது. ஓடி ஆடித் திரிந்த ஒன்று அசையாமல் அமர்ந்துவிட்டால் அதற்கும் செற் என்பார்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் பின்னேரம் நின்று பார்த்தால் தெரியும், சூரியன் கடலில் குந்துவதுபோலத்தான் இருக்கும். நாம் அதைப் 'பொழுது பட்டது' என்கிறோம்.

ஜெலியும் சீமெந்தும் அதே கதை: தளதளவென்று ஓடியது நின்று போவது. தமிழில் இதற்குப் பொருளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம், தயிர் உறைகிறது, சீமெந்து இறுகுகிறது. ஆங்கிலத்தில் எல்லாம் ஒன்றுதான், அந்த விஷயத்தில் நாம் பணக்காரர். ஆனால் ஒரு எச்சரிக்கை, கட்டடத் தொழில் படிக்கிற தம்பிமாருக்கு: கொங்கிறீற் 'செற்' ஆவதும் 'ஹார்டன்' ஆவதும் ஒன்றல்ல. செற் ஆவது குழைக்க முடியாத நிலைக்கு வருவது, சில மணித்தியால வேலை. வலு ஏறுவது அதற்குப் பிறகு, அதைத்தான் 28 நாள் கணக்கில் சோதிக்கிறார்கள். மேசன் 'இறுகிட்டுது' என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரியூப்பில இந்தியாக்காரர் 'கணம்' எண்டு படிப்பிக்கிறார், எங்கட கணிதப் புத்தகத்தில 'தொடை' எண்டு கிடக்கு. ரெண்டும் செற் தானோ?

இரண்டும் அதேதான். தமிழ்நாட்டுப் பாடநூல் கணம் என்கிறது, இலங்கைப் பாடநூல் தொடை என்கிறது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம் தொடங்குகிற அன்று பின்வாங்கில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும், அது பரம்பரை பரம்பரையாகக் கேட்கிற சத்தம், ஒன்றும் செய்ய முடியாது. உண்மையில் தொடை என்பது தொடுத்தது. மாலைக்கும் பெயர், செய்யுளில் எதுகை மோனையை வைத்துக் கட்டுவதற்கும் தொடை என்றுதான் பெயர். பூக்களைச் சேர்த்தால் மாலை, எண்களைச் சேர்த்தால் தொடை. என்னைக் கேட்டால் கணத்தைவிட இது அழகு, ஆனால் எதை எழுதினாலும் உங்கள் பரீட்சைக்குரியதை எழுதுங்கள்.

இந்தக் கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர் ஜேர்மனியில் வேலைசெய்த கியோர்க் கன்ரோர், 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அவர் ஜேர்மன் மொழியில் எழுதிய சொல் 'மெங்க', அதாவது திரள். அதை ஆங்கிலத்தில் செற் என்று ஆக்கிக்கொண்டார்கள். ஆக, இது இரண்டாம் கேள்வியில் சொன்ன கூட்டப் பக்கத்து செற்.

வொலிபோல்ல 'செற்' அடிக்கிறதும் 'மூண்டு செற்' வெல்லுறதும் ஒண்டோ?

ஒரே மைதானத்தில் இரண்டும் நிற்பதுதான் வேடிக்கை. அடிப்பவனுக்கு வசதியாகப் பந்தை வலைக்கு மேலே தூக்கி, அந்தரத்தில் இருத்திக் கொடுப்பவன் செற்றர். அது வினை. ஆட்டத்தைப் பிரித்து எண்ணுகிற செற் பெயர்ச்சொல், புள்ளிகளின் தொகுதி: 25 வரை, இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும், ஐந்தாவது செற் வந்தால் 15. ஆவரங்கால் பக்கத்தில் கரப்பந்து பார்த்து வளர்ந்த பெடியளுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை, அவர்களே எனக்கு விளக்கினார்கள்.

உலகத்திலயே கூடக் கருத்து உள்ள சொல் இதுதானாமே, உண்மையோ?

ஆங்கிலத்தில் என்று வைத்தால் கனகாலம் உண்மையாக இருந்தது. 1989 இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் செற் என்ற வினைக்கு மட்டும் 430 கருத்துகள், அந்தப் பதிவின் நீளம் சுமார் 60,000 சொற்கள். நம் ஊர்ப் பக்கத்தில் 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியில், மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்களே, மொத்தமாகவே சுமார் 58,500 சொற்கள்தான் தலைச்சொல்லாக இருந்தன. விளக்கத்தின் நீளத்தையும் தலைச்சொல்லையும் ஒப்பிடுவது நியாயமில்லைத்தான், இருந்தாலும் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க இவ்வளவா என்று மலைப்பாக இருக்கிறது.

பிறகு 'ரன்' முந்திவிட்டது. மூன்றாம் பதிப்புக்காகப் பீற்றர் கிலிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் ரன்னோடேயே இருந்து வினைக்கு 645 கருத்து எண்ணினார், 2011 இல் அது வெளிவந்தது. மெஷின் ரன் பண்ணுகிறது, பஸ் ரன் பண்ணுகிறது, கொம்பியூட்டரில் ஏதோ ரன் பண்ணுகிறது என்று எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, இருக்கிற செற் தோற்றதில் அதிசயமில்லை. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாம் 'இருத்து' என்று ஒன்றாக எண்ணியதை அவர்கள் நுணுக்கி நுணுக்கி நூறாக எண்ணுகிறார்கள்.

தமிழில இப்பிடி ஒரு சொல் சொல்லுங்கோ பாப்பம்.

'அடி'. மணி அடிக்கிறோம், பெயின்ற் அடிக்கிறோம், கோல் அடிக்கிறோம், வெயில் அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, சிலர் கள் அடிக்கிறார்கள். மரத்தின் அடி, செய்யுளின் அடி, காலடி, ஆறடி, சட்டியில் அடிப்பிடித்தது. லண்டனில் பிறந்த என் மருமகள் ஒருத்தி 'காற்று யாரை அடிக்கிறது?' என்று ஒருநாள் கேட்டாள். நீங்கள் என்னிடம் 'ஜெலி எதை இருத்துகிறது' என்று கேட்பது மாதிரித்தான்.

செற் ஓஃப், செற் அப், செற் இன்... இதுகளைப் பாடமாக்கத்தான் வேணுமோ?

கொஞ்சம் வேணும். ஆனால் முட்டாள்தனமாக வேண்டாம். 'செற் ஓஃப்' என்றால் இருத்தி வைத்த ஒன்றைக் கிளப்பிவிடுவது: பயணம் கிளம்புவது, வெடி கொளுத்துவது இரண்டும் அதில் வரும். கணக்கில் நீ எனக்குத் தரவேண்டியதை நான் உனக்குத் தரவேண்டியதில் கழிப்பதற்கும் அதே பெயர், அதைத் தனியாகத்தான் நினைவில் வைக்க வேண்டும். 'செற் அப்' நிறுவுவது, ஆனால் ஆளுக்கு நேரே வந்தால் மாட்டிவிடுவது. 'செற்பாக்' பின்னடைவு, வீடு கட்டுகிறவர்களுக்கு மதிலிலிருந்து விடவேண்டிய இடைவெளி.

'செற் இன்' என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் புத்தகங்கள் சொல்வது குறைவு. கார்த்திகையில் 'மழை பிடிச்சிட்டுது, இனி விடாது' என்கிறோமே, அந்தப் பிடித்தல்தான் இது. வந்து அமர்ந்துகொண்டு எழும்பாது. மழை, குளிர், கிருமித் தொற்று, பயம், சலிப்பு எல்லாம் செற் இன் ஆகும். சந்தோஷம் செற் இன் ஆனது என்று யாரும் எழுத மாட்டார்கள்.

நீதிமன்றத்து ஐயா கேட்டது 'செற் அசைட்'. காசை செற் அசைட் பண்ணினால் பிறகு எடுக்க ஒதுக்கி வைத்திருக்கிறோம். மேல்நீதிமன்றம் தீர்ப்பை செற் அசைட் பண்ணினால் ஒதுக்கி வைக்கவில்லை, இல்லாமலே செய்துவிட்டது. காசு திரும்ப வரும், தீர்ப்பு வராது.

எங்கட தமிழில 'அது எனக்கு செற் ஆகாது' எண்டுறம், 'ரெண்டு பேரும் செற் ஆயிட்டினம்' எண்டுறம். இதை அப்பிடியே இங்கிலிசில சொல்லலாமோ?

சொல்லக் கூடாது. அது தமிழ்ச் சொல்லாகிவிட்ட செற், பாஸ்போர்ட்டை இங்கேயே மாற்றிக்கொண்டது. செற் ஆகாது என்றால் ஒத்துவராது, அதற்கு ஆங்கிலத்தில் 'சூற்' என்று வேறு சொல் இருக்கிறது. காதல் விஷயத்தில் ஆங்கிலத்திலும் ஒன்று உண்டு, ஆனால் அங்கே மூன்றாவது ஆள் வேண்டும்: இருவரையும் சந்திக்க வைக்கிற ஆள்தான் அவர்களை 'செற் அப்' பண்ணுகிறார். அந்த இருவரும் தாங்களாகவே செற் ஆக முடியாது.

'ஓல் செற்' எண்டா ரெடி எண்டுதானே?

பெரும்பாலும் ஆம். விளையாட்டுப் போட்டியில் 'கெற் செற்' என்று கத்துவார்களே, அந்த ஆயத்த நிலைதான். ஆனால் கனடா, அமெரிக்கா ஆட்கள் வாயில் வந்தால் கவனம். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் ஒருவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமி புட்டுப் பெட்டியோடு வந்து 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?' என்றார். அவன் சிரித்துக்கொண்டு 'ஐம் ஓல் செற், அம்மம்மா' என்றான். மாமி முப்பது வருஷம் பாடசாலை மைதானத்தில் 'கெற் செற்' சொல்லிப் பிள்ளைகளை ஓடவிட்டவர். பெடியன் ஆயத்தமாகிவிட்டான் என்று இரண்டு கை நிறைய அள்ளி வைத்து, மேலே கத்தரிக்காய்ப் பால்கறியும் ஊற்றிவிட்டார். அவன் சொன்னது 'எனக்குப் போதும், ஒன்றும் வேண்டாம்'. பாவம், முழுவதையும் சாப்பிட்டு முடித்தான்.

பேப்பரில 'விலை செற்' எண்டு போட்டிருந்தா விலை முடிவாயிட்டுது எண்டுதானே அர்த்தம்?

பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். 'செற் அற்' என்று வந்து ஒரு தொகை இருந்தால் முடிவாகிவிட்டது, முதல் கேள்வியில் சொன்ன இருத்தல். 'செற் ரு' என்று வந்து ஒரு வினை இருந்தால் இன்னும் நடக்கவில்லை, நடக்கப்போகிறது என்கிறார்கள். ஓட்டக்காரன் கோட்டில் குனிந்து நிற்கிறான், இன்னும் ஓடவில்லை. தலைப்புச் செய்திக்காரருக்கு இது மிகவும் பிடித்த சொல், ஏனென்றால் நடக்காவிட்டாலும் அவர்கள் பொய் சொன்னதாகாது.

போன வருஷம் ஒரு மாதக் கடைசி நாளில் எங்கள் வகுப்புத் தம்பி ஒருவன் போனில் 'ஃபுவல் பிறைசஸ் செற் ரு ட்ரொப்' என்று பார்த்துவிட்டு, விலை விழுந்துவிட்டது என்று ரிசேவில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு செட்டுக்குப் போனான். (ட் போட்ட செட்.) மீற்றரில் பழைய விலை. போனை நீட்டிக் காட்டி நியாயம் கேட்டிருக்கிறான். பம்பில் நின்ற பெடியன் தலைப்பை ஒருதரம் பார்த்துவிட்டு, 'அண்ணை, அது இரவு பன்னிரண்டுக்குப் பிறகு, அதுவும் குறைச்சாத்தான். இப்ப எவ்வளவுக்கு அடிக்க?' என்றானாம்.